தந்தியின் செவி

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் என்னும் இசைக்கூடம் உள்ளது. அதன் கூரையின் கீழ் மண்குடங்கள் கவிழ்த்துத் தொங்கவிடப்பெற்றிருக்கும். பாடுவோர் குரலும் வாத்தியத்தின் நாதமும் கூடம் முழுவதும் செவ்வனே பரவுவதற்காக அமைந்தவை அவை. ஆண்டுதோறும் ஒன்பது இரவுகள் அங்கே சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனங்கள் ஒலிக்கின்றன. மெல்லிய நாதத்தைக் கடைசி வரிசை வரையில் சேர்ப்பதற்கு முன்னோர் கண்ட வழி மண்குடம். மின்சாரம் வந்தபின் தந்திக் கருவிகளுக்கு உலகம் கண்ட வழி ‘பிக்கப்’. அதன் வரலாற்றையும், அதை வீட்டிலேயே கழற்றி வேறொன்றை மாட்டும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதையும் இங்கே ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் எதிர்ப்பட்டது அச்சொல்லே. ‘ஒலிவாங்கி’ எனலாமா என்று எண்ணினோம். அது பொருந்தாது என்று விரைவில் தெளிந்தோம். 1943-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இந்நகரில் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கிற்று. 1950-இல் அஃது அகில இந்திய வானொலியைச் சேர்ந்தது. அத்தகைய நிலையத்திலுள்ள ஒலிவாங்கி காற்றின் அதிர்வை வாங்குவது. மின்சாரக் கிதாரின் பிக்கப்போ காற்றைக் கேட்பதே இல்லை. அது கேட்பது எஃகுத் தந்தியின் அசைவு ஒன்றை மட்டுமே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்வரும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

இதன் மூலத்தை நாம் 1831-இல் காண்கிறோம். சுவாதித் திருநாள் திருவிதாங்கூரை ஆண்டுகொண்டிருந்த அவ்வாண்டில், இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறுபடுமாயின், அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதே அது. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்னும் இசைவாணர் இவ்வுண்மையைக் கிதாருக்குப் பயன்படுத்தினார். தந்திகளின் கீழே ஒரு சுருள். அதனோடு குதிரைலாட வடிவில் காந்தங்கள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அவ்வசைவு சுருளில் மின்னலையாகிறது. ஒலிபெருக்கி அதை மீண்டும் ஒலியாக்குகிறது. ரிக்கன்பாக்கர் என்பாருடன் சேர்ந்து அவர் 1932-இல் விற்பனைக்குக் கொணர்ந்த கருவி அலுமினியத்தால் ஆயது. ‘வாணலி’ என்பது அதன் செல்லப்பெயர். நம் கோட்டுவாத்தியத்தைப் போலவே படுக்கவைத்து, தந்தியின்மேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிதார் அது. 1934-இல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1937-இல் கிடைத்தது.

நன்மை வந்த வழியே ஒரு தீமையும் வந்தது. சுருள் தந்தியின் அசைவை வாங்குவதுபோலவே, சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிற்று. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆகவே ‘ம்ம்ம்’ என்ற ஓயாத முனகல் பாட்டின் அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955-இல் இதற்குப் பரிகாரம் கண்டார். சுருள்களை இரண்டாக்கி, ஒன்றின் சுற்றையும் காந்தமுனையையும் மற்றதற்கு எதிராக வைத்தார். வெளி இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் நாதமோ ஒன்றோடொன்று கூடி வலுக்கும்.

இதுவரையில் பிக்கப் என்பது கருவியைச் செய்வோர் தம் விருப்பப்படி வைத்ததே. 1972 அளவில் லாரி டிமார்ஸியோ என்பார், பழையதைக் கழற்றி அவ்விடத்தில் மாட்டுவதற்கென்றே பிக்கப்புகளைச் செய்து விற்கலானார். அதன்பின் கருவியின் குரலைத் தீர்மானிக்கும் உரிமை தொழிற்சாலையினின்றும் வாசிப்பவன் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அம்மேசையை நாமும் கண்டோம். கரமனையிலுள்ள நம் இல்லத்தில் தமக்கையின் மகன் ஒருவன் விலைமலிந்த கிதார் ஒன்றை வைத்திருக்கிறான். குழல்விளக்கை ஏற்றினால் அது முனகும். விசிறியைச் சுழலவிட்டால் உறுமும். புதிய கிதார் வாங்க வழியில்லை. ஆகவே ஒற்றைச்சுருளின் அளவிலேயே அமைந்த இரட்டைச்சுருள் பிக்கப் ஒன்றை வரவழைத்தான். பற்றவைக்கும் கோலை அவன் பிடிக்க, கைவிளக்கை நாம் பிடித்தோம்.

வேலை கடினமன்று, பொறுமையே வேண்டும். கிதாரை ஒலிபெருக்கியினின்றும் விடுவித்துத் தந்திகளைக் கழற்றினான். எந்தக் கம்பி எங்கே சேர்ந்துள்ளது என்பதைத் தாளில் வரைந்துகொண்டான். பழைய பற்றுகளை இளக்கி, புதியதன் நாதக் கம்பியைத் தெரிவுவிசையிலும், நிலக்கம்பியை ஒலிக்குமிழின் முதுகிலும் பற்றவைத்தான். பிறகு தந்தி மாட்டி வாசித்தான். புதிய பிக்கப் தனியே நன்கு ஒலித்தது, முனகல் அடங்கியது. ஆனால் நடுவிலுள்ள பழைய பிக்கப்புடன் சேர்த்து வாசித்தபோது நாதம் மெலிந்து ஒடுங்கிற்று. “கெட்டுப்போயிற்று மாமா” என்று அவன் முகம் வாடினான். கெட்டது ஒன்றுமில்லை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பேசியதால் ஒன்றையொன்று அழித்தன. எந்த விதி இரைச்சலை அழித்ததோ, அதே விதி இங்கே நாதத்தையும் அழித்தது. புதியதன் நாதக் கம்பியையும் நிலக்கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்ததும் குறை நீங்கிற்று.

அந்த வெற்றியின் உற்சாகத்தில் அவன் பார்வை கூடத்து மூலையிலிருந்த வீணையின்மீது சென்றது. அது நம் அன்னையார் வாசித்தது. தஞ்சாவூர்ப் பலாமரத்தால் ஆயது. “இதற்கும் ஒன்று வைத்தால், கொலுவுக்கு வருவோர் எல்லோருக்கும் கேட்குமே” என்றான். விருப்பம் நியாயமானதே. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் ஐந்து தந்திகளைப் பூட்டிக் கர்நாடக இசையின் கமகங்களை நெடிதாக ஒலிக்கச் செய்தார். அவர் 2014-இல் மறையும்வரை அக்கருவி நம் இசை மேடைகளில் உரிமையுடன் வீற்றிருந்தது. அங்ஙனமாயின் வீணைக்கு மட்டும் ஏன் ஆகாது?

இங்கேதான் பிக்கப் எதைக் கேட்கும் என்ற பழைய வினா மீண்டும் எழுகிறது. வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கு. சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபுப்படி பித்தளை. பித்தளையைக் காந்தம் பற்றாது. ஆகவே காந்தப் பிக்கப்புக்கு அவ்விரு தந்திகளும் ஊமையே. அவற்றைக் கேட்கச் செய்யவேண்டுமெனில், எஃகுக் கருவுள்ள தந்திகளைப் பூட்டவேண்டும். அப்போதும் அது கேட்பது தந்தியை மட்டுமே. பலாக்குடத்தின் மூச்சு அதன் செவியில் நேரே விழாது. மண்டபத்துக் கூரையில் குடங்களைத் தொங்கவிட்டவர்கள் எந்த நாதத்தைப் போற்றினார்களோ, அதில் ஒரு பங்கு இங்கே விடுபட்டுப்போகும். மின்சார வீணை இழிந்ததென்று நாம் கூறவில்லை. அஃது இன்னொரு கருவி என்றே கூறுகிறோம். அதை விரும்புவோர் அறிந்தே விரும்பவேண்டும்.

இறுதியில் அன்னையாரின் வீணையில் துளையிட நாம் இசையவில்லை. மரத்தின் அதிர்வையே உணரும் சிறிய வில்லை ஒன்றைக் குடத்தின்மேல் ஒட்டிப் பார்த்தோம். விரல் உரசும் ஓசையும் அதில் சேர்ந்தே வந்தது; எனினும் நான்கு தந்திகளும் கேட்டன. கொலு முடிந்ததும் அதை எடுத்துவிட்டோம். மரத்தில் வடு ஒன்றும் இல்லை.

கிதாரினின்றும் கழற்றிய பழைய பிக்கப்பைத் தமக்கை மகன் குப்பையில் இட முனைந்தான். நாம் அதை வாங்கி, அவன் வரைந்த கம்பிப் படத்தோடு ஓர் உறையிலிட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். புதிய செவியைப் பொருத்துவது நன்று. பழைய செவியால் கேட்கவேண்டும் என்று பின்னொருநாள் அவனுக்கே தோன்றினால், அதற்கும் வழி இருக்கவேண்டும் அல்லவா?