பாசம் மட்டும் போதுமா? டிமென்சியா பராமரிப்பைப் படிக்க வேண்டி வந்த கதை

எங்கட ஊர்களில் வயதுபோன ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், சாப்பிட்டதை மறந்துவிட்டுச் சாப்பாடு தரவில்லை என்று சண்டை பிடித்தால், "அவருக்கு அறளை பேர்ந்திட்டுது" என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கட வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன கதைத்தாலும் அதற்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. ஆர் அவரைப் பார்க்கிறது என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்: பாசமான பிள்ளை ஒன்று இருந்தால் போதும், இல்லாவிட்டால் பொறுமையான ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் போதும்.

இந்தப் "போதும்" சரிதானா என்று வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறோம். டிமென்சியா வந்தவர்களைப் பெரிய இல்லங்களில் வைத்துப் பராமரித்த பழைய அனுபவம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. பராமரிப்பு வேலைக்கு என்று தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அந்த நாடுகளும் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டன. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் முதியவர்கள்.

1901இல் ஜேர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநோயாளர் விடுதிக்கு 51 வயதான அகுஸ்தே டேற்றர் என்ற பெண் கொண்டுவரப்பட்டார். அங்கு வைத்தியராக இருந்த அலோயிஸ் அல்சைமர் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேள்விகள் கேட்டு, அவர் சொன்ன பதில்களை அப்படியே எழுதி வைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்ததும் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். 1910இல் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயர் வந்தது.

அல்சைமர் செய்தவை இரண்டு. உயிரோடு இருந்த பெண்ணின் பேச்சைக் கேட்டார், இறந்த பெண்ணின் மூளையைப் பார்த்தார். மருத்துவம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டது. நோய் மூளையில் இருக்கிறது, அதற்கு மருந்து இல்லை என்றால், பராமரிக்கிறவர் படிப்பதற்கு என்ன இருக்கிறது? சாப்பாடு கொடு, கழுவு, கதவைப் பூட்டு. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஏழைகள் சட்டத்தை ஒழித்தது. சட்டம் போனது, கட்டடங்கள் போகவில்லை. ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய பழைய விடுதிகள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு முதியோர் இல்லங்களாகின. சமூகவியலாளர் பீற்றர் ரவுண்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்குப் போய் வந்து, தான் கண்டதை 1962இல் புத்தகமாக்கினார். 1967இல் பார்பரா றொப் என்ற பெண் இன்னொரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். முதியவர்கள் இருந்த ஆஸ்பத்திரி வாட்டுகளில் நடந்த கொடுமைகளைப் பற்றி தாதியரும் சமூகப் பணியாளர்களும் கொடுத்த சாட்சியங்கள் அதில் இருந்தன. முதியவர்களின் மூக்குக்கண்ணாடி, பொய்ப்பல், காதில் போடும் கருவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்பது றொப் எழுப்பிய குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணும் தெரியாது, காதும் கேளாது, பல்லில்லாமல் கதைக்கவும் ஏலாத ஒருவர் தடுமாறத்தானே செய்வார்? அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து "இவருக்கு மூளை போயிட்டுது" என்று எழுதி வைப்பது எவ்வளவு சுகம்! நோய் எது, நாங்கள் உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை.

ஊழியர்களுக்கு ஒரு முறையைக் கற்பிக்கும் முயற்சி 1950களின் கடைசியிலும் 60களிலும் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற வைத்தியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த முறை, நோயாளியை நிகழ்காலத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது. சுவரில் ஒரு பலகை. அதில் இன்று என்ன கிழமை, இது எந்த இடம், வெளியே மழையா வெயிலா என்று எழுதியிருக்கும். ஊழியர்கள் அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. நோயாளியோடு கதைப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று ஊழியர்களுக்குச் சொன்ன பயிற்சி இது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். 85 வயது அம்மா ஒருவர் "என்ர அம்மா எங்க?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்றப்பட்ட ஊழியர், "உங்கட அம்மா செத்து நாப்பது வருசம்" என்று சொல்வார். கேட்கிறவருக்கு அது புதுச் செய்தி. இப்போதுதான் செத்தவீடு. அழுது முடித்து, மறந்து, பின்னேரம் திரும்பக் கேட்டால் திரும்பவும் ஒரு செத்தவீடு.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் நயோமி ஃபைல். 1932இல் மியூனிக்கில் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்த குடும்பம். கிளீவ்லாந்தில் அவருடைய தகப்பன் நடத்திய முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். 1963 தொடக்கம் 1980 வரை முதியவர்களோடு வேலை செய்து தன் முறையை உருவாக்கினார். அந்தக் கேள்வியைத் திருத்தாதே, அதற்குள் இருக்கிற உணர்ச்சியைப் பிடி என்பதுதான் அதன் சாரம். அம்மாவைத் தேடுகிறவரிடம் "அம்மாவை நினைவு வருதோ? அவ எப்படி இருப்பா?" என்று கேட்கலாம். இதில் பொய்யும் இல்லை, செத்தவீடும் இல்லை. கேட்க லேசாக இருந்தாலும் ஒரு நாளைக்கு இருபது முறை, களைத்துப்போன நேரத்திலும், எரிச்சல் காட்டாமல் செய்ய வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும்.

அடுத்த பெரிய திருப்பம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ரொம் கிற்வுட் என்ற ஆய்வாளர் 1980களின் கடைசியிலிருந்து ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டார்: இந்த மனிதர்கள் சரிவதற்கு நோய் மட்டும்தான் காரணமா, நாங்கள் நடத்தும் விதமும் காரணமா? 1997இல் வந்த புத்தகத்தில், ஒரு மனிதரை மனிதராக இல்லாமல் செய்யும் 17 நடத்தைகளைப் பட்டியல் போட்டார். ஏமாற்றிக் காரியம் செய்விப்பது, சின்னப் பிள்ளை மாதிரி நடத்துவது, அவரால் பிடிக்க முடியாத வேகத்தில் கதைப்பது, ஆள் அங்கே இல்லாதது போலத் தலைக்கு மேலால் கதைப்பது, பகிடி பண்ணுவது. இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று கிற்வுட் சொல்லவில்லை. நல்ல மனம் உள்ளவர்கள்தான், தெரியாமல், பழக்கத்தால் செய்கிறார்கள் என்றார். எங்களுக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். பிழை மனதில் இருந்தால் நல்ல மனம் உள்ள ஆளைத் தேடலாம். பிழை பழக்கத்தில் இருக்கிறது என்றால் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அதைப் பயிற்சி என்கிறோம்.

அவரும் கத்லீன் பிறெடினும் உருவாக்கிய அவதானிப்பு முறையில், பயிற்றப்பட்ட ஒருவர் இல்லத்தின் பொது மண்டபத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு முதியவரும் என்ன செய்கிறார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்று குறிப்பார். பிறகு அந்தக் குறிப்பை ஊழியர்களோடு இருந்து கதைப்பார். ஒரு நாளில் ஒருவரோடு எத்தனை நிமிடம் மனிதர்கள் பேசினார்கள் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

சட்டமும் மெல்ல வந்தது. அமெரிக்கா 1987இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் தாதி உதவியாளருக்குக் குறைந்தது 75 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். காரணம் இல்லாமல் முதியவர்களைக் கட்டி வைப்பதற்கும், மருந்தால் அடக்கி வைப்பதற்கும் அதே சட்டம் தடை போட்டது. அந்தப் பயிற்சிக்குள் டிமென்சியாவும் சேர வேண்டும் என்று 2010இல்தான் சட்டம் சொன்னது.

சரி, பயிற்சி கொடுத்தால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று 12 இல்லங்களில் நடந்தது. பாதி இல்லங்களின் ஊழியர்களுக்குப் பத்து மாதம் தொடர்ந்து பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தின் முடிவில், ஆளை அடக்கி வைக்கும் மனநோய் மாத்திரைகள் எடுத்தவர்கள் பயிற்சி கிடைத்த இல்லங்களில் 23 சதவீதம், மற்ற இல்லங்களில் 42 சதவீதம். மாத்திரையைக் குறைத்ததால் முதியவர்களின் கலவரம் கூடவும் இல்லை. இது வெறும் எண் இல்லை. 2009இல் பிரித்தானிய அரசுக்குக் கொடுக்கப்பட்ட பானர்ஜி அறிக்கையின் மதிப்பீட்டில், அந்த நாட்டில் வருடத்துக்கு 180,000 டிமென்சியா நோயாளிகளுக்கு இந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன, அதனால் 1,800 பேர் வரை கூடுதலாக இறந்தார்கள். கதைக்கத் தெரியாத இடத்தில் மாத்திரை கதைக்கும். சில நேரம் அது உயிரையும் எடுக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிற்வுட்டின் அவதானிப்பு முறையை இங்கிலாந்தின் 50 இல்லங்களில் பரிசோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. அதில் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் பெரும்பாலான இல்லங்கள் அந்த முறையின் இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. ஒருவரை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பி, சான்றிதழைச் சுவரில் கொழுவிவிட்டு, பழையபடி ஆளும் நேரமும் இல்லாத வாட்டில் கொண்டுவந்து விட்டால் அவர் படித்தது எங்கே நிற்கும்? 69 இல்லங்களில் நடந்து 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில் முதியவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியது, கலவரம் குறைந்தது. அங்கே ஒவ்வொரு இல்லத்துக்குள்ளேயும் சிலரைப் பயிற்றி, ஒன்பது மாதம் கூடவே நின்றார்கள்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று தெளிவானது. "பாசம் இருந்தால் போதும்" என்பது கேட்க நல்ல வசனம். ஆனால் அது இந்த வேலையைத் திறமை இல்லாத வேலையாக்கி, செய்கிறவருக்குச் சம்பளத்தையும் குறைத்து, பிழை நடந்தால் "மனமில்லாதவள்" என்று அவர் தலையிலேயே போட்டுவிடுகிறது. பெரும்பாலும் அந்த "அவள்" ஒரு பெண்தான், வீட்டிலும் சரி இல்லத்திலும் சரி.

எங்கட பக்கமும் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே தனிய என்ற நிலை புதிதில்லை. ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனால் கட்டடம், மாபிள், பூந்தோட்டம் எல்லாவற்றையும் பார்ப்போம். அதோடு சில கேள்விகளும் கேட்கலாம். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு யார், எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தார்கள்? கடைசியாக எப்போது? ஒரு அம்மா பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு "நான் வீட்டை போகவேணும்" என்று வாசலில் நின்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே அந்த இல்லம் எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.