கச்சேரி மேடைக்கு வந்த சாம்ப்ளர்

ஓர் ஓசையைப் பதிந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தினாலோ ரப்பர் கட்டத்தைத் தட்டினாலோ அதை அப்படியே திருப்பித் தரும் கருவி சாம்ப்ளர். சின்தசைசர் மின்சுற்றுகளைக் கொண்டு ஓசையை உண்டாக்கும். சாம்ப்ளர் புதிதாக எதையும் உண்டாக்காது; உள்ளே போனதுதான் வெளியே வரும். திருவேங்கடம், சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத்துக் கொடை விழா மேடைகளில் ஸ்டாண்டில் சாய்த்து, இரண்டு குச்சிகளால் வாசிக்கப்படும் கறுப்புப் பலகை இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். குழுக்காரர்களுக்கு அது ‘பேட்’. எந்த மாடலானாலும் ‘ஆக்டோபேட்’ என்று சொல்பவர்களும் உண்டு.

இந்தக் கரிசல் பூமியில் பங்குனிப் பொங்கலும் அம்மன் கொடையும் மேளச் சத்தம் இல்லாமல் நடந்ததில்லை. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி. வில்லுப்பாட்டில் குடம், உடுக்கை, ஜால்ரா. சினிமாப் பாட்டு பாடும் இன்னிசைக் குழுக்கள் பரவியபோது தாள வரிசை இன்னும் நீண்டது. தபலா, டோலக், டிரம்ஸ், பாங்கோஸ் என்று தாளத்துக்கு மட்டும் நான்கைந்து பேர் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தோல் கருவிக்கும் ஒன்றோ இரண்டோ மைக். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் திறந்தவெளிக் கச்சேரியில் பனி இறங்க இறங்கத் தோல் தளரும், சுருதி விலகும். பாட்டுக்குப் பாட்டு சுத்தியலால் தட்டித் தபலாவைச் சேர்ப்பதும், மைக் ‘கூ’ என்று கத்துவதும் அந்த மேடைகளில் வாடிக்கை.

சாம்ப்ளர் பிறந்த இடம் இந்த மேடைக்கு வெகு தூரம். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேர்லைட் சிஎம்ஐ ஒரு வீட்டின் விலைக்கு விற்றது. அமெரிக்காவின் ஈ-மு நிறுவனம் 1981இல் எமுலேட்டரை வெளியிட்டது. 1984இல் வந்த என்சோனிக் மிராஜ் 2,000 டாலருக்குக் கீழே இறங்கியது. ஆனால் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் இருந்த அன்றைய இந்தியாவில், அந்த 2,000 டாலரும் சிற்றூர்க் குழு நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அல்ல. வெளிநாட்டு இசைக்கருவி என்றால் சென்னை வரை போகவேண்டும், அல்லது சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் கையில் கொண்டுவர வேண்டும்.

கருவி வருவதற்கு முன்பே அதற்கான தேவை சினிமா வழியாக வந்துவிட்டது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ வெளிவந்தது. அதற்குப் பிறகு பாடல்களின் தாளத்தில், எந்த ஒரு தோல் கருவியிலும் எழாத ஓசைகள் கலந்தன. கேசட்டில் கேட்ட அந்த ‘டொம்’ மேடையில் கேட்காவிட்டால் கூட்டம் பொறுத்துக்கொள்வதில்லை. கேட்ட பாட்டைக் கேட்டபடியே தரவேண்டும் என்பது கச்சேரிக் குழுக்களின் எழுதாத ஒப்பந்தம். தமிழ்நாட்டு மேடை எந்த சாம்ப்ளரை ஏற்றது, எதை ஒதுக்கியது என்பதை முடிவு செய்தது இந்த ஒப்பந்தம்தான்.

அக்காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களின் பெருமை அகாய் எஸ்1000 சாம்ப்ளர். 1988இல் வந்த அது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்தது. அந்தத் தரத்தில் மோனோ ஒலிக்கு ஒரு வினாடிக்குச் சுமார் 88 கிலோபைட் செலவாகும். கருவியோடு வந்த 2 மெகாபைட் நினைவகத்தில் 23 வினாடி அடங்கும், அவ்வளவுதான். மின்சாரம் போனால் நினைவகம் காலி. மறுபடியும் ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றவேண்டும், நிறைந்த ஒரு ஃப்ளாப்பி ஏற அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கூடத்தில் இது பெரிய குறையல்ல. ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று தெரியாத திருவிழா மேடையில் அரை நிமிட மௌனம் என்பது விசிலுக்கும் கூச்சலுக்கும் அழைப்பு.

அதே 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60 சாம்ப்ளர் வந்தது. அதைக் கொண்டு அமெரிக்க ஹிப்-ஹாப் கலைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் துண்டுபோட்டு, அதில் புதுப் பாட்டு கட்டினார்கள். உலக அளவில் சாம்ப்ளரின் வரலாறு என்றால் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமைக்கு அது பொருந்தாது. இங்கே வேண்டியிருந்தது பாட்டைத் துண்டுபோடும் இயந்திரம் அல்ல. துண்டு ஓசைகளைக் கையால் அடித்துப் பாட்டாக்கும் இயந்திரம்.

அந்த வடிவம் ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டோபேட். 1985இல் வந்த முதல் மாடலுக்குச் சொந்த ஓசையே கிடையாது. எட்டு ரப்பர் கட்டங்களில் எதைத் தட்டினாலும் மிடி கம்பி வழியே வேறொரு கருவிக்குச் சேதி மட்டும் போகும். ஓசை தரும் கருவியைத் தனியாக வாங்கவேண்டும் என்பதால் இரட்டைச் செலவு. 1990களின் எஸ்பிடி வரிசை ஓசைகளையும் பலகைக்குள்ளேயே அடக்கியது. 1998இல் வந்த எஸ்பிடி-20 இந்திய மேடைகளை ஏறக்குறைய முழுதாகவே பிடித்துக்கொண்டது. அதில் 700 ஓசைகள், 99 பேட்ச்கள் (கட்டங்களுக்கான ஓசை அமைப்புகள்). கண்டிப்பாகச் சொன்னால் அது சாம்ப்ளர் அல்ல: ஆலையில் பதித்த ஓசைகளை ஒலிக்கும், புதிதாக எதையும் பதியாது. இருந்தும் வென்றது. மின்சாரம் வந்ததும் உடனே ஒலித்தது. மைக் தேவையில்லை, மைக் செட்காரரின் மிக்சருக்கு ஒரு கம்பி போதும். பனிக்குத் தளராது. சுருதியையும் ஓசை அடங்கும் நேரத்தையும் மாற்றி, இருக்கும் ஓசையிலிருந்தே வேண்டிய டோனை ஒப்பேற்ற வாசிப்பவர்கள் கற்றுக்கொண்டார்கள். புதிய மாடல்கள் வந்த பிறகும் அதற்கு மவுசு குறையாததால், 2010களின் இறுதியில் எஸ்பிடி-20எக்ஸ் என்ற மறுபதிப்பே வந்தது.

மேடைக்கு ஏற்ற மெய்யான சாம்ப்ளர் 2003இல் வந்த எஸ்பிடி-எஸ், அதன்பின் 2010களின் தொடக்கத்தில் வந்த எஸ்பிடி-எஸ்எக்ஸ். இரண்டாவதன் 2 கிகாபைட் நினைவகத்தில் சுமார் 6 மணி நேர மோனோ ஒலி கொள்ளும், அணைத்தாலும் அழியாது. பென் டிரைவில் ஓசைகளை ஏற்றலாம் என்றானதும் ‘டோன்’ தனிச் சரக்காயிற்று. ஒருவர் உருவாக்கிய ‘கிட்’ என்ற ஓசைத் தொகுப்பு காசுக்கும் நட்புக்கும் கைமாறியது.

நாட்டுத் தாளங்கள் பலகைக்குள் நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். தவில் எளிதில் பணிந்தது. விரல் கூடுகளின் வலந்தலை அடியை ஒரு கட்டத்துக்கும், கழியின் தொப்பி அடியை இன்னொன்றுக்கும் ஒதுக்கினால், தனி ஆவர்த்தனத்துக்கு இல்லாவிட்டாலும் குத்துப்பாட்டுக்குத் தாங்கும். உறுமி பணியவில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கையில் எழும் முனகல், கையின் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். பதிந்த முனகல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே உயரம் ஏறி ஒரே இடத்தில் விழும். கைவிரல்களால் வாசிக்கும்படி 2000இல் வந்த ஹேண்ட்சோனிக், அழுத்தத்தை உணர்ந்து ஓசையை வளைத்தாலும், குச்சிக்குப் பழகிய கைகளிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை.

குழுவின் கணக்கும் மாறியது. தாளத்துக்கு நான்கைந்து பேர் இருந்த இடத்தில் பேட் ஒருவர், தபலா அல்லது டோலக் ஒருவர் என்று சுருங்கியது. வேனில் இடம் மிஞ்சியது, சம்பளப் பட்டியல் குறைந்தது. வாசிக்கத் தெரிந்தும் பேட் வாங்க வழியில்லாதவர்கள் மேடையை இழந்தார்கள். வில்லுப்பாட்டுக் குழுக்கள் சிலவும் கீபோர்டையும் பேடையும் சேர்த்துக்கொண்டன. அங்கே குடத்தையும் உடுக்கையையும் எடுத்துவிட்டுப் பேடை வைக்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கொடையில் சாமி வரும் கட்டத்துக்கு இன்றும் மேளக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள்.