சலவைக்காரியின் மகள் திறந்த வங்கி

1903 நவம்பர் 2, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில் ஒரு புது வங்கி கதவைத் திறந்தது. அன்று மட்டும் சுமார் 280 பேர் கணக்குத் தொடங்கினார்கள். ஒருவர் கட்டிய தொகை வெறும் 31 சென்ட். அதையும் மரியாதையாக வாங்கிப் பதிவுசெய்தார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தபோது, டெபாசிட்டும் பங்குப் பணமுமாக 9,000 டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. வங்கியின் பெயர் செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க். அதன் தலைவர் 39 வயதுக் கறுப்பினப் பெண்மணி மேகி லீனா வாக்கர்.

அமெரிக்காவில் வங்கித் தலைவரான முதல் பெண் என்றே அவரைச் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பட்டத்துக்கு வேறு போட்டியாளர்களும் உண்டு. அரசு உரிமம் வாங்கி வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு வியப்பு வேறு இடத்தில். அந்த 280 பேர் எந்த நம்பிக்கையில் வந்தார்கள்?

ஏனென்றால், கறுப்பின மக்கள் வங்கியை நம்பி ஏற்கெனவே சூடுபட்டவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கென்று தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் 1874-இல் திவாலானது. பல்லாயிரம் பேரின் வாய்கட்டி வயிறுகட்டிய சேமிப்பு அதோடு போயிற்று. மேகிக்கு அப்போது பத்து வயது.

அவருடைய தாய் எலிசபெத் டிரேப்பர் அடிமையாக இருந்தவர். எலிசபெத் வான் லூ என்ற சீமாட்டியின் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்தப் போரின்போது, தெற்கத்திக் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டிலேயே இருந்துகொண்டு வடக்கு ராணுவத்துக்கு உளவு சொன்ன துணிச்சல்காரி அந்த வான் லூ. (அவர் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.) மேகியைப் பெற்ற தந்தை ஒரு வெள்ளைக்காரர். வளர்த்த தந்தை வில்லியம் மிட்செல், ஹோட்டலில் தலைமைப் பரிமாறுநர். 1876-இல் அவர் பிணமாக ஜேம்ஸ் ஆற்றில் மிதந்தார். தற்கொலை என்று கோப்பை மூடினார்கள். குடும்பமோ கொலை என்றே கடைசிவரை நம்பியது.

அதன் பிறகு தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்தார். வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது மேகியின் வேலை. தலையில் துணிக்கூடையோடு பிறந்தவள் நான் என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லிக்கொள்வார். படித்து ஆசிரியையானார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்ததும் அந்த வேலை போயிற்று. மணமான பெண்கள் பாடம் நடத்தக் கூடாது என்பது அன்றைய விதி.

பள்ளிக்கூடம் கைவிட்டாலும் சங்கம் கைவிடவில்லை. உறுப்பினர் நோயில் விழுந்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு என்று நடந்துவந்தது 'செயின்ட் லூக்' சகாய சங்கம். அதில் பதினான்கு வயதிலேயே சேர்ந்தவர் மேகி. 1899-இல் அதன் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தபோது கஜானாவில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கடன் 400 டாலர். முன்பிருந்தவருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இவருக்குச் சம்பளம்.

1901-இல் உறுப்பினர்கள் முன் அவர் வைத்த கணக்கு எளிமையானது. சலவை செய்தும், வெள்ளையர் அடுப்படியில் வெந்தும் நம் பெண்கள் சம்பாதிக்கும் காசு நேராக வெள்ளையர் வங்கிக்கும் கடைக்கும் திரும்பிப் போகிறது. அது நம்மிடமே சுற்றி வர நமக்கென்று ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, ஒரு கடை வேண்டும். அடுத்த ஆண்டே 'செயின்ட் லூக் ஹெரால்டு' பத்திரிகை வந்தது. வங்கித் தொழில் தெரியாதே என்று அவர் தயங்கவில்லை. ரிச்மண்டின் வெள்ளையர் வங்கி ஒன்றுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றார். பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்து, ஒரு டாலர் சேர்ந்ததும் கணக்குத் தொடங்க வைத்தார். வங்கி தந்த வீட்டுக் கடனை 1920-க்குள் 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் முழுதாக அடைத்திருந்தன.

1905-இல் பிராட் தெருவில் கடையும் வந்தது. செயின்ட் லூக் எம்போரியம். கறுப்பினப் பெண்களே விற்பனையாளர்கள். அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நகரில் சலவையும் சமையலும் புகையிலை ஆலையும் விட்டால் பிழைப்பு ஏது? வெள்ளை வியாபாரிகள் முதலில் கட்டடத்தைக் கூடுதல் விலைக்குக் கேட்டார்கள். மேகி மசியவில்லை என்றதும் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, இந்தக் கடைக்குச் சரக்கு கொடுத்தால் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று மொத்த வியாபாரிகளை மிரட்டினார்கள். அதைக்கூட அவர் சமாளித்திருப்பார். சொந்த மக்களே எம்போரியத்தைத் தாண்டி வெள்ளையர் கடைக்குப் போனதுதான் அவரைச் சுட்டது. மேடையேறிக் கடிந்தும் பார்த்தார். சில ஆண்டுகளில் கடையை மூட வேண்டியதாயிற்று. மேகியின் வரலாற்றை எழுதுபவர்கள் பலர் இந்தத் தோல்வியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அவர் எதை எதிர்த்து நின்றார் என்பது வங்கியின் வெற்றியைவிட இதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

சொந்த வாழ்க்கையிலும் அடி விழுந்தது. 1915-இல் மூத்த மகன் ரஸல், திருடன் என்று நினைத்துச் சுட்டதில் கணவர் இறந்தார். வழக்கு நடந்து மகன் விடுதலையானார். 1923-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். சர்க்கரை நோயால் மேகி நடமாட்டம் இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். வீட்டில் லிப்ட் வைத்துக்கொண்டார், காரை நாற்காலிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார், அலுவலகம் போவதை நிறுத்தவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது, ரிச்மண்டின் மற்ற இரண்டு கறுப்பின வங்கிகளோடு தன் வங்கியை இணைத்து 'கன்சாலிடேட்டட் பேங்க் அண்டு டிரஸ்ட்' ஆக்கினார். தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து இயக்குநர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். 1934 டிசம்பர் 15-இல் அவர் காலமானார். வங்கியோ 2005 வரை கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தது.

அடுத்த வாரமும் ஒரு வாக்கர்தான் வருகிறார். இவருக்கு உறவில்லை, ஆனால் அவரும் துணி வெளுத்துப் பிழைத்தவர். கூந்தல் தைலம் விற்றுக் கோடீஸ்வரி என்று பெயரெடுத்த மேடம் சி.ஜே. வாக்கர்.

(தொடரும்)