காகிதமா, எண்ணெய்ப் பஞ்சா? கொழுக்குமலை ஏறும் டீசல் வண்டிகளுக்கு ஓர் ஒப்பாய்வு

ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கும் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கூடும். மாசி, பங்குனியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறுகிற ஜீப், இவ்வளவு காற்றையும் முன்னால் போகும் ஜீப் கிளப்பிவிட்ட புழுதிக்குள்ளிருந்துதான் எடுக்கிறது. சூரிய உதயம் பார்க்க ஆள் ஏற்றும் வண்டிகள் விடியுமுன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். தேயிலைத் தோட்டங்களின் ஊடே கல்லும் குழியுமாகப் போகும் பாதையில் இடைவெளி விட்டு ஓட்டவும் வழியில்லை. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றி வரும் ஜீப், ஜல்லி கொண்டுவரும் டிப்பர், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறும் லாரி எல்லாவற்றுக்கும் கோடையில் இதே பாடுதான்.

இந்தப் பக்கத்துப் புழுதியில் கிரானைட் பாறை சிதைந்த குவார்ட்ஸ் துகள் உண்டு. குவார்ட்ஸ் வார்ப்பிரும்பு லைனரைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரிகிற மணலைவிட, கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையிலான தூள்தான் இன்ஜினுக்கு எமன். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்துக்குள் அது நுழைந்துகொண்டு இரண்டு பக்கமும் அராவும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், கம்ப்ரஷன் குறையும், பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கடைசியில் இன்ஜினை இறக்கி போர் வேலை பார்க்க வேண்டியதுதான். அதனால் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரைப் பற்றிய பேச்சில் நான் முதலில் கேட்பது, எவ்வளவு தூளைத் தடுக்கிறது என்பதைத்தான். விலையும் பிக்கப்பும் அதற்குப் பிறகு.

பேப்பர் ஃபில்டரில் பிசின் ஊட்டிய காகிதத்தை நெருக்கமாக மடித்து வைத்திருப்பார்கள். மடிப்பு கூடக் கூடப் பரப்பு கூடும், காற்றின் வேகம் குறையும், தூள் இழையில் தங்கும். ஓட ஓட அதன் மேல் தூசிப் படலம் ஒன்று படிகிறது. அந்தப் படலமே ஒரு வடிகட்டியாக வேலை செய்வதால், புதுப் பேப்பரைவிடக் கொஞ்சம் ஓடிய பேப்பர் தூளை நன்றாகப் பிடிக்கும். அழுக்காகத் தெரிகிறதே என்று அடிக்கடி கழற்றித் தட்டுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

காட்டன் ஃபில்டரில் பஞ்சு வலைத்துணி நாலைந்து அடுக்கு, இரு பக்கமும் கம்பி வலை, நடுவே பிசுபிசுப்பான எண்ணெய். பெரிய இடைவெளிகள் வழியே காற்று தாராளமாகப் போகும். தூள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். 1969இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் பந்தய பைக்குகளின் உலகத்திலிருந்து இதைப் பரவலாக்கியது. பந்தயத்தில் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் போடுவார்கள். இங்கே ஒரு ஜீப் ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் சோறு போட வேண்டும்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறை இருக்கிறது. அளந்த தூளை அளந்த காற்றோடு ஃபில்டருக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்தது என்று எடை போடுவார்கள். அமெரிக்காவில் டியூராமேக்ஸ் டீசல் பிக்கப் வண்டிக்கான ஃபில்டர்களை இப்படிச் சோதித்ததில், கம்பெனி பேப்பர் ஃபில்டர் 574 கிராம் தூளைப் பிடித்து 0.4 கிராமை மட்டும் விட்டது. எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டர் 221 கிராமிலேயே அடைத்துக்கொண்டது. அதற்குள் 7 கிராம் உள்ளே போய்விட்டது. சதவீதமாகச் சொன்னால் 99.93, 96.8. கேட்க மூன்று சதவீத வித்தியாசம்தான். ஆனால் இன்ஜினுக்குள் போனதைப் பார்த்தால் பதினேழு மடங்குக்கு மேல். லைனரை அராவுவது இந்த உள்ளே போன தூள்தான். தடுத்த சதவீதத்தை மட்டும் காட்டி விற்கும்போது இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

காட்டன் ஃபில்டருக்கு ஆதரவாக இங்கே அதிகம் சொல்லப்படுவது பிக்கப். மலையில் காற்று குறைவு, அதனால் தாராளமாகக் காற்று விடும் ஃபில்டர் வேண்டும் என்கிறார்கள். முதல் பாதி சரி. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொழுக்குமலையில் அது 780 பக்கம் வந்துவிடுகிறது. மலை பிடுங்கிக்கொண்டது 200 மில்லிபாருக்கு மேல். சுத்தமான பேப்பருக்கும் சுத்தமான காட்டனுக்கும் இருக்கும் தடை வித்தியாசமோ ஒருசில மில்லிபார். இழந்ததை அது எப்படி ஈடு செய்யும்? அந்த வேலைக்குத்தான் டர்போ இருக்கிறது. பேப்பரை மாற்றிய அன்று வண்டி நன்றாக இழுத்தால், பழைய பேப்பர் அடைத்திருந்தது என்று அர்த்தம். காட்டன் போட்டவர் உணரும் வேகமும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

எண்ணெயால் தூசி பிடிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பின் பானட்டைத் திறந்தால் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கும். இன்றும் பல டிராக்டர்களில் அதுதான். கீழே ஒரு கிண்ணத்தில் இன்ஜின் ஆயில், மேலே கம்பி வலை. காற்று வேகமாக இறங்கி, ஆயில் மேல் மோதித் திரும்பி, வலை வழியாக ஏறும். திரும்ப முடியாத தூள் ஆயிலில் விழுந்து அடியில் சேறாகத் தங்கும். டிரைவர் கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, டீசலில் அலசி, கோடு வரை புது ஆயில் ஊற்றி மாட்டினால் வேலை முடிந்தது. கடைக்கே போக வேண்டாம்.

அதற்கும் குறை உண்டு. காற்று வேகமாகத் திரும்பினால்தான் தூள் விழும். வண்டி ஊர்ந்து போகும்போது வேகம் குறைந்து மெல்லிய தூள் தப்பிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் கிண்ணத்து ஆயில் ஒரு பக்கம் சாயும். கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால் இன்ஜின் அந்த ஆயிலை இழுத்துக்கொள்ளும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தானாக ரேஸ் ஆகும். கொழுக்குமலைச் சரிவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் பாத் வைத்திருப்பவர் அந்தக் கோட்டை மட்டும் மதித்தால் போதும், நம்பி ஓட்டலாம். அந்த ஜீப்பில் அதைப் பிடுங்கிவிட்டு காட்டன் கூம்பு மாட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

‘கழுவிக் கழுவிப் போட்டா ஆயுசுக்கும் ஆச்சுண்ணே’ என்று சொல்லித்தான் காட்டனை விற்கிறார்கள். கழுவுவதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்கென்று உள்ள திரவத்தில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட வேண்டும். காற்றடித்துக் காயவைத்தால் பஞ்சு விலகி ஓட்டை விழும். மீனமாதத்து வெயிலில் இது நடக்கும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் சூரியநெல்லியில் துவைத்த சட்டையே காயாது. பஞ்சு அடுக்கு எப்போது காயும்? வண்டியை அதுவரை நிறுத்திவைக்கும் வசதி வாடகை ஜீப்காரருக்குக் கிடையாது. ஈரத்தோடு எண்ணெய் விட்டால் எண்ணெய் பிடிக்காது. எண்ணெய் குறைந்தால் தூள் உள்ளே, கூடினால் எண்ணெயே உள்ளே. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் ஃபில்டரை அடுத்துக் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அதன் மெல்லிய சூடான பகுதியில் எண்ணெய் படிந்தால் அளவு தப்பும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பது இன்னொரு கவலை. இங்கே ஓடைகள் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்குகின்றன.

பேப்பருக்கு வரும் கேடு பெரும்பாலும் நம் கையால்தான். டயர் கடையில் கம்ப்ரசர் குழாயை மடிப்பில் வைத்து முழு அழுத்தத்தில் அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்த பின் அது ஃபில்டர் இல்லை, வெறும் காகிதம். இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சப் புள்ளி தெரியும். தெரிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். மழையில் நனைந்த பேப்பர் ஊறித் தடை கூட்டும், எளிதில் கிழியும். அட்டை மாதிரி விறைத்த ரப்பர் விளிம்போடு வரும் டூப்ளிகேட் ஃபில்டர்கள் இன்னொரு ஆபத்து. விளிம்பு சரியாக உட்காராவிட்டால் காகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. காற்று ஓரமாகவே போய்விடும்.

ஜீப்புக்குப் பேப்பர் சில நூறு ரூபாய், நல்ல காட்டன் பல ஆயிரம். அதன் எண்ணெய்க்கும் திரவத்துக்கும் தனிச் செலவு. சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் தார் ரோட்டுக்கானது. கொழுக்குமலை ஏறும் வண்டிக்குக் கோடையில் அதில் பாதிக்கு முன்பே பேப்பரை மாற்றினாலும், ஓர் இன்ஜின் வேலைக்கு ஆகும் காசில் பல வருஷத்துக்கான பேப்பர் வாங்கிவிடலாம்.

ஆகவே டர்போவும் சென்சாரும் உள்ள பொலிரோ, கேம்பர், லாரி எதுவானாலும் கம்பெனி பேப்பர்தான் என் பரிந்துரை. லாரிகளில் அதற்கு முன்னால் சுழல்காற்றில் பெருந்தூளை உதறித் தள்ளும் ப்ரீ கிளீனரும், தூசி கொட்டும் ரப்பர் வால்வும் இருந்தால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வாய் பிளந்தே நின்றால் மாற்றிவிட வேண்டும். தடை காட்டும் இண்டிகேட்டர் உள்ள வண்டியில் சிவப்பு வந்தால் மட்டும் பெட்டியைத் திறந்தால் போதும். எந்த ஃபில்டர் போட்டிருந்தாலும், கோடை முடியுமுன் ஒருமுறை ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஒட்டினால் ஃபில்டரையோ கிளிப்பையோ ஹோஸையோ அன்றைக்கே கவனிக்க வேண்டும், மறுநாள் சவாரி இருந்தாலும்.