கயிறு கைமாறிய பிறகு

போன வாரம் டெக்சாஸில் இருக்கும் அத்தான் போன் செய்தார். அருவியில் தண்ணி விழுதா, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்ற வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு, "மாப்ள, நீ காமர்ஸ்தான படிக்க? ஒரு சந்தேகம்" என்றார்.

மகள் குதிரையேற்றம் பழகுகிறாளாம். பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் ஒரு குதிரைக்கு விலை பேசி முடித்துவிட்டார். விற்பவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: "உங்கள் டிரெய்லரில் குதிரை ஏறிவிட்டால், அதற்கு மேல் என்ன ஆனாலும் உங்கள் பொறுப்பு." அத்தானிடம் இருப்பதோ பின்தட்டு குட்டையான பிக்கப் வண்டி. நண்பர் இரவல் தருவதாகச் சொல்லியிருப்பது கூஸ்நெக் டிரெய்லர். இரண்டும் ஒத்துப்போகுமா, அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. நான் இதுவரை ஓட்டிய பெரிய வண்டி மாமாவின் டிராக்டர்தான், அதுவும் வயலுக்குள். இருந்தாலும் ரெண்டு நாள் இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். தோண்டத் தோண்ட அது டெக்சாஸில் இருந்து கிளம்பிப் பழைய காயல் துறைமுகத்துக்கு வந்து நின்றது! அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டி. சாதாரண டிரெய்லரைப் பிக்கப்பின் பின்பக்க பம்பருக்குக் கீழே மாட்டுவார்கள். கூஸ்நெக் அப்படியில்லை. வாத்தின் கழுத்து மாதிரி வளைந்து வந்து, பிக்கப்பின் தட்டுக்குள்ளேயே, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சில அங்குலம் முன்னால் பதித்திருக்கும் ஓர் இரும்பு உருண்டையின் மீது உட்காரும். டிரெய்லர் எடையில் 20 முதல் 25 சதவீதம் அந்த உருண்டையின் மேல் இறங்கும். ஒரு குதிரை 450, 500 கிலோ. டிரெய்லரும் குதிரைகளும் சேர்ந்து 4000 கிலோ என்று வைத்தால், பிக்கப்பின் முதுகில் மட்டும் 800 முதல் 1000 கிலோ. இழுக்கிற சக்தி இருந்தும் இதைத் தாங்க முடியாத வண்டிகள் நிறைய.

இந்தக் கணக்கை எனக்கு ஒரு நிமிஷத்தில் புரியவைத்தவர் தாத்தா. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தென்காசி ஸ்டேஷனில் இறங்கிக் குற்றாலம் போக ஜட்கா வண்டிதான். ஐந்து கிலோமீட்டர் தூரம். ஆள் ஏறியதும் வண்டிக்காரர் சும்மா கிளம்பமாட்டாராம். "அண்ணாச்சி, கொஞ்சம் முன்ன தள்ளி வாங்க. ஆச்சி, நீங்க அப்படியே இருங்க" என்று ஒவ்வொருவரையும் நகர்த்தி உட்கார வைப்பார். எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் பின்பாரம். வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு குதிரையின் வயிற்றுவாரை இழுக்கும். எல்லோரும் முன்னால் வந்தால் முன்பாரம், குதிரையின் முதுகு முறியும். மாட்டுவண்டியில் நெல் மூட்டை அடுக்குகிறவர்களும் இதையேதான் பார்ப்பார்கள். கூஸ்நெக் உருண்டை பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் பிக்கப்பின் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. பெயர்தான் வேறு, அதுவும் பின்பாரம்தான்.

பின்தட்டு குட்டையாக இருப்பதால் வரும் தொல்லை இன்னொன்று. நீளத் தட்டு 8 அடி. குட்டைத் தட்டு ஐந்தரை அல்லது ஆறரை அடி. குட்டையில் உருண்டைக்கும் டிரைவர் கேபினுக்கும் நடுவே இருக்கும் இடம் குறைவு, மூன்றடியும் கொஞ்சமும்தான். டிரெய்லரின் மூக்கு 7 அடி அகலம் என்றால் அதில் பாதி மூன்றரை அடி. நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பங்கிலோ வீட்டு வாசலிலோ முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை வந்து கேபின் கண்ணாடியை உடைத்துவிடும். புளியரை எஸ் வளைவில் நீள டிரெய்லர் லாரி ஒன்று திரும்பவும் முடியாமல் பின்னால் எடுக்கவும் முடியாமல் நின்றதை பஸ்ஸுக்குள் இருந்து இரண்டு மணி நேரம் பார்த்திருக்கிறேன். ஆக, வளைவுதான் எதிரி.

இந்த எதிரி மோட்டார் வருவதற்கு முன்பே இருந்தவன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஐரோப்பாவின் நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில் திரும்பும்போது முன் சக்கரம் வண்டியின் அடிக்கட்டையில் வந்து இடிக்கும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அதற்குக் கண்டுபிடித்த வழி, அடிக்கட்டையை இரும்பால் மேல்நோக்கி வளைத்து, அந்த வளைவுக்குக் கீழே சக்கரம் நுழைந்து திரும்ப இடம் விடுவது. அதற்குக் கொக்குக் கழுத்து என்று பெயர் வைத்தார்கள். அப்போது கொக்கு, இப்போது வாத்து! லாரிகளில் டிரெய்லரை மாட்டும் பெரிய தட்டை ஐந்தாம் சக்கரம் என்கிறார்களே, அதுவும் கோச்சு வண்டியின் முன் அச்சுக்கு மேல் படுக்கை வாக்கில் வைத்த வளையத்தின் பெயர்தான். 1914-ல் டெட்ராய்ட்டில் ஒரு மரவியாபாரி தன் படகைக் கொண்டுபோக ஃபோர்டு மாடல் டி காருக்கு ஓர் இழுவண்டி செய்து கேட்டபோது, அதைச் செய்து கொடுத்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் குதிரை வண்டி செய்யும் கொல்லர். டிரெய்லர் தொழிலே கொல்லுப்பட்டறையில் இருந்து வந்ததுதான்.

சரி, குதிரையையே வண்டியில் ஏற்றிப் போகலாம் என்ற யோசனை? இங்கிலாந்தில் 1836-ல் லார்டு ஜார்ஜ் பென்டிங்க் என்பவர் எலிஸ் என்ற பந்தயக் குதிரையை, வேறு குதிரைகள் இழுத்த ஒரு மூடு வண்டியில் ஏற்றி டான்காஸ்டருக்கு அனுப்பினார். சுமார் 400 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை நடந்தேதான் போகவேண்டும், இரண்டு வாரம் ஆகும். நாள் நெருங்கியும் குதிரை கிளம்பவில்லை என்று தெரிந்து, அது ஓடாது என்ற நம்பிக்கையில் எல்லோரும் பந்தயம் கட்டினார்கள். எலிஸ் மூன்றே நாளில் அலுங்காமல் வந்து இறங்கி செயின்ட் லெஜர் பந்தயத்தை ஜெயித்தது. பென்டிங்க் நல்ல காசு பார்த்தார்.

ஆனால் குதிரையைச் சுமந்து கொண்டுபோகும் தொழிலில் அவருக்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே கொடிகட்டிப் பறந்தவர்கள் இருந்தார்கள். நம் குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, தாமிரபரணியில் கலந்து, கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர்கள் கரையிறங்கினார்கள். பழைய காயல். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். மார்க்கோ போலோ 1290-களில் இந்தக் கரைக்கு வந்தார். பாண்டிய அரசர்கள் ஆளுக்கு வருஷம் 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். ஹோர்முஸில் இருந்து வந்த கப்பல்கள் இரும்பு ஆணி இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்தவை. சரக்கை ஏற்றி, மேலே தோலைப் போட்டு மூடி, அதற்கும் மேலே குதிரைகளை நிறுத்தினார்கள். முன்பாரம், பின்பாரம் போய் இது மேல்பாரம்! அத்தனை எடையும் உச்சியில். பல கப்பல்கள் மூழ்கின என்று அவரே சொல்கிறார்.

மூழ்கினால் நஷ்டம் யாருக்கு? இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த ஒப்பந்தத்தை எழுதி வைத்திருக்கிறார். கிஷ் தீவின் வணிகப் பெரும்புள்ளி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1400 குதிரை அனுப்புவார். ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் முழு விலை கொடுக்கும். வஸ்ஸாஃப் சொல்லும் மொத்த ஏற்றுமதி 10,000 குதிரை, 22 லட்சம் தினார். பணம் வந்தது கோயில் வருமானத்தில் இருந்து.

பி.காம் நண்பர்களே, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 26 ஞாபகம் இருக்கிறதா? உரிமை எங்கே போகிறதோ, இடரும் அங்கே போகும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால். பாண்டியர்கள் வேறுவிதமாகப் பேசிக்கொண்டார்கள். குதிரை கண்ணிலேயே படவில்லை, இடர் மட்டும் வந்து சேர்ந்தது. செத்தாலும் 220, பிழைத்தாலும் 220 என்றால் கப்பல்காரர் எதற்காகக் குதிரைக்கு நல்ல இடம் ஒதுக்குவார்? மேல்பாரம் ஏன் மாறவில்லை என்பதற்கு நான் நினைக்கும் காரணம் இதுதான் (ஆசிரியர்கள் மறுக்கலாம்). கரையேறிய பிறகும் அதே கதை. லாடம் அடிக்கும், வைத்தியம் பார்க்கும் ஆட்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை சாகச் சாக அடுத்த ஆர்டர். வெப்பமும் தீனியும் ஒத்துக்கொள்ளாததும் காரணம்தான். சமைத்த சோற்றோடு இறைச்சியும் போட்டார்களாம், பாவம்.

மாணிக்கவாசகர் கதையை இப்போது மறுபடி பாருங்கள். சிவபெருமான் குதிரை வணிகராக வந்து, குதிரைகளைப் பாண்டியனிடம் ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கிறார். மாட்டுச் சந்தையில் இன்றும் பார்க்கலாம். கயிறு கைமாறிவிட்டால் மாடு வாங்கியவருடையது, வியாபாரம் முடிந்தது. அன்று ராத்திரியே பரியெல்லாம் நரியாகி ஓடியபோது, பாண்டியனால் வணிகரிடம் போய்க் கேட்க முடியவில்லை. வாதவூரரைத்தான் வெயிலில் நிறுத்த முடிந்தது. கயிறு மாறியபிறகாவது பொறுப்பு மாறியதே, அந்த வகையில் புராணத்து ஒப்பந்தம் ஜமாலுத்தீன் ஒப்பந்தத்தை விட நியாயமானது!

நேற்று அத்தானைக் கூப்பிட்டேன். உருண்டையில் இருந்து கேபின் வரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன், 38 அங்குலம் வந்தது. டிரெய்லர் மூக்கின் இரண்டு மூலையும் சீவினாற்போல் சரிந்திருக்கிறதா என்று கேட்டேன், சதுரமாக இருக்கிறதாம். கழுத்தில் நீட்டிப்பு மாட்டி டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் அது டிரெய்லரின் சட்டத்துக்குக் கூடுதல் பளு. டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவையும் படித்துக் காட்டினார், 1000 கிலோவுக்கு வெகு கீழே. "அப்ப வேண்டாம்ங்கியா?" என்றார். அந்த நிபந்தனையைத் திருப்பிப் போடச் சொன்னேன். விற்பவரே அவருடைய வண்டியில் கொண்டுவந்து, அத்தான் வீட்டு வாசலில் கயிற்றைக் கையில் கொடுக்கட்டும். போக்குவரத்துச் செலவு வேண்டுமானால் தருகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

விற்பவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். மகள்தான் தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.