நாலே நாலு 'எஸ்'

'நகரம்' என்ற சொல்லின் நடுவிலிருக்கும் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் 'நரகம்'. பொருளாதாரப் பெருமந்தம் பிடித்து ஆட்டிய 1931-இல் நியூயார்க் அந்த இடமாற்றத்தை நேரிலேயே பார்த்தது. கட்டடமே எழும்பாத ஊரில் வரைபடம் போடுகிறவருக்கு என்ன வேலை? ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் வேலையை இழந்தார். கையில் காசில்லை, நேரம் மட்டும் கொட்டிக் கிடந்தது.

அந்த நேரத்தில் அவர் விளையாட்டுகளை அலசினார். பகடை போல எண்ணை நம்பியவை, சதுரங்கம் போலக் காயை நகர்த்துபவை, சொல்லை வைத்து ஆடுபவை. மூன்றாம் வகையில் இருந்ததோ, எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வேறு சொல் கோக்கும் பழைய 'அனகிராம்' ஆட்டம். அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, பெரிய மவுசும் கிடையாது. கொஞ்சம் திறமை, கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்து அதையே புதிதாகச் செய்தால்? ஆனால் எழுத்து ஒட்டிய மர வில்லைகளில் எந்த எழுத்துக்கு எத்தனை வைப்பது?

விடை காலை நாளிதழில் இருந்தது. நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தை விரித்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் எண்ணினார். தலைப்புச் செய்தியில் யார் வென்றார், யார் செத்தார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. 'ஈ' முந்தியது, அதற்கு 12 வில்லைகள். 'க்யூ'வுக்கும் 'இசட்'டுக்கும் ஒவ்வொன்று. 'எஸ்' தாராளமாக வந்தாலும் நான்குதான் கொடுத்தார். இல்லாவிட்டால் எல்லோரும் வாலில் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கியே ஜெயித்துவிடுவார்கள். கணக்கு கச்சிதம். வாங்கத்தான் ஆளில்லை.

'லெக்ஸிகோ' என்ற பெயரில் கொண்டுபோனார். விளையாட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. 1938-இல் குறுக்கெழுத்து மோகத்தைப் பிடித்துக்கொண்டு 15-க்கு 15 கட்டம் சேர்த்தார். தாமே வரைந்து, நகலெடுத்து, மடக்குப் பலகையில் ஒட்டினார். மெல்லிய மரத்தில் எழுத்தை ஒட்டி வில்லை வில்லையாக அறுத்தார். மறுபடியும் கைவிரிப்பு. ஜாக்சன் ஹைட்ஸில் பழகியவர்கள் மட்டும் விளையாடினார்கள். பத்தாண்டுகள் அப்படியே ஓடின.

1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதைத் தயாரித்து விற்க முன்வந்தார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்குப் பங்கு என்று பேசி முடித்து, பெயரை மாற்றி, கனெக்டிகட்டில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் தயாரிப்பைத் தொடங்கினார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்து, 450 டாலர் நட்டப்பட்டதுதான் மிச்சம். கடையைக் கட்டிவிடலாமா என்ற நிலை.

1952-இல், மேசிஸ் பல்பொருள் அங்காடியின் தலைவர் விடுமுறையில் இதை ஆடிப் பார்த்தாராம். ஊர் திரும்பிப் பார்த்தால், தம் கடையிலேயே அது இல்லை! போனது ஆர்டர். பலரும் சொல்லும் கதை இது; கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அதன்பின் வந்த வெள்ளத்துக்குக் கணக்கு உண்டு: 1954-இல் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் பெட்டிகள். மூடியின் மேல் புரூனோ வைத்த பெயர், 'கையால் துழாவுதல்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்: ஸ்கிராபிள்.

நாளிதழ் எழுத்துகளை ஒன்றுவிடாமல் எண்ணியவருக்கு ஆங்கிலச் சொற்களைப் பிழையில்லாமல் எழுத வராது. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டில் ஆடும்போது மனைவி நீனாவிடம் தோற்றுப்போவார். தோற்றால்தான் என்ன, நீனா ஒரு காலத்தில் அவருடைய பள்ளி ஆசிரியை.