9999 விளையாட்டுகளும் ஒரு குப்பைக்குழியும்

2012 தீபாவளி. எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு போனஸ் வந்த கையோடு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் டிவி கேம் வாங்கித் தந்தார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். மேலே பெரிதாக "9999 இன் 1" என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று விளையாடினால் இருபத்தேழு வருஷம் ஓடும் என்று கடையிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். காமர்ஸ் ரத்தம் அப்போதே ஓடியிருக்கிறது போல :)

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, டாங்கி, பைக் ரேஸ், வாத்து சுடுவது என்று மொத்தமே பத்துப் பன்னிரண்டு விளையாட்டுதான். அதையே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜில் ஆரம்பிக்கிற மாதிரி திரும்பத் திரும்பப் போட்டு 9999 ஆக்கியிருந்தார்கள். அப்பா மறுநாள் கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்த இதே கதை, முப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு நாடு முழுக்க நடந்தது. அதில் ஒரு தொழிலே படுத்துவிட்டது. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

1972-ல் தொடங்கிய அடாரி கம்பெனியை 1976-ல் வார்னர் நிறுவனம் வாங்கியது. 1977-ல் அடாரி, கேசட் மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுகிற தன் கன்சோலை வெளியிட்டது. 1980-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அதற்கு வந்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் விளையாட்டை எழுதிய புரோகிராமர்களுக்கு பெட்டியில் பெயரும் கிடையாது, லாபத்தில் பங்கும் கிடையாது. வெறுத்துப்போன நான்கு பேர் வெளியே வந்து, 1979-ல் ஆக்டிவிஷன் தொடங்குவதில் சேர்ந்தார்கள். அடாரி கன்சோலுக்கு அடாரி அல்லாத ஒரு கம்பெனி கேசட் போட்டது அதுதான் முதல் தடவை. அடாரி வழக்குப் போட்டது. 1982-ல் ராயல்டி கொடுப்பதாகச் சமாதானம் ஆனது. அதாவது, யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்று கதவு திறந்துவிட்டது.

திறந்த கதவில் எல்லோரும் நுழைந்தார்கள். ஆக்டிவிஷன் நல்ல விளையாட்டுகளைத் தந்தது. ஆனால் ஓட்ஸ் விற்கிற குவேக்கர் கம்பெனி கூட ஒரு வீடியோ கேம் பிரிவு வைத்திருந்தது! நாய் உணவு கம்பெனி ஒன்று தன் விளம்பரத்துக்காகவே ஒரு விளையாட்டைத் தயாரித்தது. கடைகளில் கேசட் குவிந்தது.

இங்கேதான் வாங்குகிறவனுக்குச் சிக்கல். கத்தரிக்காய் வாங்கினால் அழுத்திப் பார்க்கலாம். பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். கேசட்டில் அந்த ஒரு சோறும் கிடையாது. அட்டையில் அட்டகாசமான ஓவியம் இருக்கும், உள்ளே நாலு சதுரம் நகரும். காசு கொடுத்து, வீட்டுக்குப் போய், டிவியில் செருகின பிறகுதான் தெரியும்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல கார்க்காரர் சந்தையை விட்டே போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டைதான். (2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) வகுப்பில் இதை நடத்தும்போது எனக்குக் கார் ஞாபகம் வரவில்லை, மஞ்சள் கேசட்தான் வந்தது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 1982 ஜூலை கடைசியில் அடாரிக்கு 'ஈ.டி.' படத்தை விளையாட்டாக்கும் உரிமை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு கடையில் இருந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் சுமார் ஐந்து வாரம். ஒரே ஆள். எழுதி முடித்தார். ஈ.டி. அடிக்கடி குழிக்குள் விழும், மேலே ஏறும், மறுபடி விழும். விளையாடிய குழந்தைகள் வெறுத்துப்போனார்கள். லட்சக்கணக்கில் கேசட் தேங்கியது.

1982 டிசம்பர் 7 அன்று, எதிர்பார்த்த 50 சதவீத வளர்ச்சி வராது, 10 முதல் 15 சதவீதம்தான் வரும் என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே வார்னர் பங்கு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அடுத்த வருஷம், விற்காத சரக்கைக் கடைக்காரர்கள் கம்பெனிகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். புதிதாக முளைத்த கம்பெனிகளிடம் திருப்பித் தரப் பணமும் இல்லை, மாற்றித் தர வேறு நல்ல கேசட்டும் இல்லை. இழுத்து மூடினார்கள். கடைக்காரர்கள் 35 டாலர் கேசட்டை 5 டாலர் கூடையில் கொட்டினார்கள். ஐந்து டாலருக்கு ஒன்று கிடைக்கும்போது எந்த அப்பா 35 கொடுப்பார்? நல்ல விளையாட்டும் சேர்ந்து செத்தது. 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம் 1985-ல் 10 கோடியாகச் சுருங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

1983 செப்டம்பரில் அடாரி தன் சரக்கை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் புதைத்தது. ரொம்ப நாள் இது வெறும் வதந்தி என்றே பலர் நினைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். ஈ.டி. மட்டுமல்ல, அடாரியின் வேறு பல விளையாட்டுகளும் உள்ளே கிடந்தன. வெளியே எடுத்தது சுமார் 1,300 கேசட். அதில் ஒரு ஈ.டி. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வார்ஷாவும் தோண்டுகிற இடத்துக்கு வந்திருந்தார்.

இந்தச் சாம்பலில் இருந்து எழுந்ததுதான் நிண்டெண்டோ. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு ஃபேமிகாம் வந்தது. 1985-ல் அதையே உருவம் மாற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஓடினார்கள். அதனால் பெயர் 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்'. கூடவே ஒரு பொம்மை ரோபோ. உள்ளே ஒரு பூட்டு சிப். கன்சோலில் ஒன்று, கேசட்டில் ஒன்று. இரண்டும் பொருந்தாவிட்டால் விளையாட்டு ஓடாது. அட்டையில் ஒரு தர முத்திரை. ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுதான் விடலாம். கேசட்டையும் நிண்டெண்டோவிடம்தான் முன்பணம் கட்டி வாங்க வேண்டும்.

நம்பிக்கை திரும்பியது, சந்தையும் திரும்பியது. ஆனால் பூட்டின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தது. விலையை இறக்காதபடி கடைகளை நெருக்கியதாக எழுந்த வழக்கு 1991-ல் சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? 5 டாலர் தள்ளுபடி கூப்பன். அதையும் நிண்டெண்டோ கேசட் வாங்கத்தான் பயன்படுத்த முடியும்! முத்திரை ஒட்டிய மொக்கை விளையாட்டுகளும் தாராளமாக வந்தன.

இப்போது என் மஞ்சள் கேசட்டுக்கு வருகிறேன். ஜப்பானிய ஃபேமிகாமில் அந்தப் பூட்டு சிப் கிடையாது. அதனால் தைவான் போன்ற இடங்களில் அதைக் காப்பியடிப்பது சுலபமாக இருந்தது. நம் ஊரில் விற்ற டிவி கேம் எல்லாம் அந்த வம்சம்தான். பூட்டு இல்லாததால்தான் எங்கள் வீட்டு பட்ஜெட்டுக்குள் மரியோ வந்தான். பூட்டு இல்லாததால்தான் 12 விளையாட்டு 9999 ஆகி என் தலையில் கட்டப்பட்டது. இரண்டும் ஒரே காரணம்தான். யாரைத் திட்டுவது?

யோசித்துப் பார்த்தால், பூட்டும் முத்திரையும் முதலில் காப்பாற்றியது விற்கிறவரைத்தான். வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு: பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமை. 1983-ல் அது கடைக்காரருக்கு ஏட்டிலாவது இருந்தது. விளையாடிய குழந்தைக்கு அதுவும் இல்லை. 2015 ஜூனில் ஸ்டீம் அந்த வசதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்ப வரும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 ஓட்டை உடைசலாக வந்தபோது சோனியே அதைத் தன் கடையில் இருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த விளையாட்டு ஓரளவு சரிசெய்யப்பட்டு 2021 ஜூனில் மறுபடி விற்பனைக்கு வந்தது. யாரும் எதையும் புதைக்கவில்லை.

போன செமஸ்டர் லீவில் நானும் ஒரு விளையாட்டு வாங்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. பட்டனை அழுத்தினேன், சில நாளில் பணம் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தவர், "ஏன்னு கூட கேக்கலையா?" என்றார்.

"இல்லப்பா."

"அந்த மஞ்சள் கேசட் இன்னும் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. எடுத்து ஊதினேன். ஊதுவதால் பிரயோஜனம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஊதினேன் :)

உங்கள் வீட்டு கேசட்டில் எத்தனை இன் 1? உண்மையில் எத்தனை இருந்தது?